ரத்தக் கொதிப்பு என்று சொன்ன நாள் முதல்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவைப் பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய மைலோ டின்னைத் திறந்து பார்த்தேன். பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தவர், தலை வலித்த நாளில் மட்டும் ஒன்றை விழுங்கிவிட்டு மற்றவற்றைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். வாங்கி வருகிறாரே, போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். விழுங்கினாரா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் இருக்கிறது. அதன்பின் ஓராண்டுக் காலம் கிளினிக், மருத்துவமனை, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் அலுவலகம், சமூக நல இலாகா என்று அலைந்து நாங்கள் தெரிந்துகொண்டவற்றை, தமக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக இப்போதுதான் கேள்விப்பட்டவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

1. தலை வலிக்கும் வரை காத்திருக்காமல் அளந்து பாருங்கள்

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலியோ கிறுகிறுப்போ இல்லாததால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எண்ணுவதுதான் முதல் தவறு. அம்மா செய்ததும் அதைத்தான். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது; அவர்களில் பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது.

அளவில் இரண்டு எண்கள் வரும். கிளினிக்கில் வெவ்வேறு நாள்களில் எடுத்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அதற்கு மேல் நின்றால் அது ரத்தக் கொதிப்பு. வீட்டில் எடுக்கும் அளவுக்கு எல்லை சற்றுக் குறைவு: 135க்கு 85. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்துப் போதல் இருந்தால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

அளக்கும் முறை தவறினால் எண்ணும் தவறும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வையுங்கள். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து உடனே கையை நீட்டினால் வரும் எண் உங்களுடைய உண்மையான எண் அன்று. வீட்டுக்குக் கருவி வாங்குவதானால் மேற்கையில் சுற்றுவதை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமானதன்று. ஏறத்தாழ 100 முதல் 250 வெள்ளிக்குள் (ரிங்கிட்) நல்ல கருவி கிடைக்கும். தடித்த கை உள்ளவர்கள் பெரிய பட்டை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்; சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

40 வயது நிறைந்து, அரசாங்கத்தின் ரஹ்மா ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தின் கீழ், அதில் பதிந்துள்ள தனியார் கிளினிக்குகளில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அடையாள அட்டை மட்டும் போதும். ரத்தம், சிறுநீர் எடுத்தபின் முடிவைக் கேட்க இரண்டாம் முறை போக வேண்டும். நம்மவர்கள் பலர் அந்த இரண்டாம் முறைக்குப் போவதே இல்லை. முடிவைக் கேட்காவிட்டால் பரிசோதனை செய்தும் பயனில்லை.

2. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பெயரைப் பதியுங்கள்

தோட்டத்துக் கிளினிக்கில் அளவு பார்க்கலாம். ஆனால் ஆண்டுக் கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவு இருக்க வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கு ஒரு முறை பார்க்க 1 வெள்ளிதான் கட்டணம். மருத்துவர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அதில் அடங்கும். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல் என்பதால் வரிசையில் நிற்பதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, இதுவரை எடுத்த அளவுகளின் குறிப்பு, வேறெங்காவது பார்த்திருந்தால் அந்தச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். ‘எல்லா’ என்பதில் நாட்டு மருந்து, ஜாமு எனும் மலாய் மூலிகை மருந்து, கடையில் வாங்கும் வலி மாத்திரை ஆகியனவும் சேரும். முதல் நாளில் அரை நாள் போய்விடும். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், சிறுநீர்ப் பரிசோதனையும், நெஞ்சுத் துடிப்பைப் பதியும் இ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லலாம். அடுத்தடுத்த அப்பாய்ன்மென்டுகளை மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலி வழியாகவும் பல கிளினிக்குகளில் எடுக்க முடிகிறது. பெற்றோருக்கு அதை இயக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் பார்த்துக் கொடுங்கள்.

நாள் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான பரிசோதனைக்குப் போனால் கிளினிக்கில் பெரும்பாலும் வந்து போன நேரத்தைக் குறித்த சீட்டுதான் தருவார்கள், எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்று தானாகக் கிடைக்காது. எனவே அப்பாய்ன்மென்ட் கார்டை வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமோ அலுவலகத்திலோ ஒரு வாரத்துக்கு முன்பே காட்டி, அந்த நாளுக்கு என்ன ஏற்பாடு என்று பேசி முடித்துவிடுங்கள். அம்மா ஒரு நாள் கூலி போகுமே என்று மருத்துவரைப் பார்க்கும் தேதிகளை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் வாங்கி வந்திருக்கிறார். அதனால் அவருடைய அளவு ஏறிக்கொண்டே போனதை யாரும் பார்க்கவில்லை.

3. மாத்திரை: வாங்குவது, விழுங்குவது, மாற்றக் கேட்பது

எங்கள் குடும்பம் தவறியது இந்தப் படியில்தான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கும் தேதி மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை வரலாம். மாத்திரையோ பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். மீதியை மாதந்தோறும் மருந்தகக் கவுண்டரில் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்க வேண்டும். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நோயாளிக்குப் பதிலாக மகனோ மகளோ போய் வாங்கலாம். ஈப்போ மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த மருந்துக்காக மாதந்தோறும் 30 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை, எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின்படி உங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாற்றித் தரச் சொல்லி மருந்தகத்தில் கேளுங்கள். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. இவற்றை நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

தேதி தவறிவிட்டால், திட்டுவார்களே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். மாத்திரை தீரும் முன் நேரே போய்த் தேதி தவறியதைச் சொல்லுங்கள். மாத்திரை இல்லாத ஒரு மாதம் தாதியின் கண்டிப்பைக் காட்டிலும் ஆபத்தானது.

அளவு சரியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று நிறுத்துவது அடுத்த தவறு. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது. மெத்தோப்ரொலோல், அட்டெனோலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு படபடத்து அழுத்தம் குப்பென்று ஏறிவிடக்கூடும். மேல் எண்ணை 10 குறைத்தாலே பக்கவாத அபாயம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அறிந்திருக்கிறார்கள். அந்தப் பயன் நாள் தவறாமல் விழுங்கினால்தான் கிடைக்கும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலோர் சொல்லும் காரணம். அதில் உண்மையும் உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். பெரிண்டோப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் கொடுக்கும். பிராசோசின் சாப்பிடுபவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரலாம். இவை எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார், சொல்லாமல் டின்னில் போட்டு வைத்தால் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று சிறுநீரை அதிகமாக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட். காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு உதிரிப் பழம் பொறுக்கப் போனால், காட்டில் ஒதுங்க இடமில்லாமல் அவர் பட்ட பாட்டை எங்களிடம் சொல்லக் கூசியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் பேச்சு ஓரளவு திரும்பியபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களே, இதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று அவர் பார்ப்பார். ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாதியிடமோ மருந்தகத்தில் இருப்பவரிடமோ சொல்லலாம்.

ரத்தம் எடுக்கும் நாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் விட்டுவிட்டுப் போகிறோம். அங்கே அளவு ஏறி நிற்க, மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டிவிட நேரிடும். வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் அழுத்த மாத்திரையைச் சிறிது தண்ணீரோடு வழக்கம்போலச் சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையும் ஊசியும்தான் ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்வரை காத்திருக்க வேண்டியவை. முந்தைய தடவையே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஏழு நாளுக்குரிய அறைகள் கொண்ட மருந்துப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அண்ணன் அதை நிரப்பி வைப்பார். இரவில் யாராவது ஒருவர் திறந்து பார்ப்போம்.

4. சமையலறையும் மளிகைக் கடையும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழம்பில் போடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு, கருவாடு, நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாறு), ஊறுகாய், மேகி மீயின் மசாலாத் தூள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பயனில்லை. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே குழம்பை உப்புக் குறைத்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. நோயாளிக்கென்று தனிச் சமையல் ஒரு வாரத்தைத் தாண்டாது.

முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் கடையில் வாங்கும் போன்ஸ்டான், டைக்லோபினாக் வகை மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயர் தெரியாத ஜாமுப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி தாங்கவில்லையென்றால் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். சம்சு எனும் மலிவுச் சாராயமும் சிகரெட்டும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் பக்கவாதத்தை நேராக அழைத்து வருபவை.

5. பக்கவாதம் வந்த அந்த நேரத்தில்

அன்று காலை ஏறத்தாழ பத்து மணிக்கு அம்மாவின் கையிலிருந்து குவளை நழுவியது. வாயு பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டார் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள், வெந்நீர் கொடுத்தார்கள், படுத்துத் தூங்கட்டும் என்று விட்டார்கள். அன்பினால்தான் செய்தார்கள். ஆலையிலிருந்து அண்ணன் வந்து பார்த்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி, ‘எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?’ என்பதுதான். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

பார்க்க வேண்டியவை மூன்று. சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள்: ஒரு கை தாழ்ந்து இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்: பேச்சுக் குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999க்கு அழையுங்கள். திடீரெனப் பார்வை போவது, நடை தள்ளாடுவது, இதுவரை வந்திராத கடுந்தலைவலி ஆகியவையும் அப்படியே. சில நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இவ்வளவு அவசரம் ஏனென்றால், பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி அடைத்து வருபவை. அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்குச் சிலரிடம் இன்னும் கூடுதல் நேரம் இருக்கலாம், ஆனால் அது எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. சிகிச்சையின்றிப் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் மூளையில் ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. ஊசி போடும் முன், அடைப்பா ரத்தக் கசிவா என்று அறியச் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் அந்தக் கருவி இல்லை. ஆகவே 999இல் பேசும்போதே பக்கவாதமாக இருக்கலாம் என்ற சொல்லைச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும், தாமதமானால் சொந்தக் காரில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்குச் சரியான முகவரி இல்லாததால் ஆம்புலன்ஸ் வழி தவறுவது நம் பக்கத்தில் புதிதன்று. தோட்டத்தின் பெயர், பிரிவு, பெரிய சாலையில் திரும்ப வேண்டிய இடம், அங்குள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ கடையோ, லயத்தின் எண் ஆகியவற்றை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வாய் குழறும்போது அதைப் பார்த்துப் படித்தால் போதும். ஒருவரை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்கு அனுப்பி நிற்க வையுங்கள். செம்பனைக் காட்டின் கேட் பூட்டியிருந்தால் காவலாளியிடம் சொல்லித் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர், வெந்நீர், சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்; ரத்தக் கசிவாக இருந்தால் உயிருக்கே கேடு. அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று வீட்டு மாத்திரையை இரண்டாகப் போடாதீர்கள். கையை உருவுவதும் ஊசியால் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பதும் நேரத்தைத் தின்பவை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கார்டு, எல்லா மாத்திரைகளும், முக்கியமாக வார்பரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் அதுவும், அவரைக் கடைசியாக நலமாகப் பார்த்த நேரமும். தூங்கி எழும்போதே கோளாறு தெரிந்தால், இரவு படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தவரே கூட வருவது நல்லது.

6. வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்

மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்பதால் மருத்துவமனைச் செலவு எங்களை முடக்கவில்லை. செலவு பிடித்தவை டயாப்பர், கட்டில், போக்குவரத்து ஆகியவையும், அண்ணன் எடுத்த சம்பளமில்லா விடுப்பும்தான். வீட்டுக்கு அனுப்பும் முன் தாதியிடம் நான்கைக் கற்றுக்கொள்ளுங்கள்: எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது, மூக்குக் குழாய் இருந்தால் எப்படிப் பராமரிப்பது, தளர்ந்த தோளை இழுக்காமல் எப்படித் தூக்குவது.

உடற்பயிற்சிச் சிகிச்சையின் தேதியைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். உடம்பு மீள்வதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில்தான் நடக்கிறது. ‘கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் போகலாம்’ என்று நாங்கள் ஐந்து வாரத்தை வீணாக்கினோம். நாசாம் எனப்படும் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம் 1996இல் தொடங்கப்பட்டு, ஈப்போ உட்படப் பல ஊர்களில் பயிற்சி மையங்களை நடத்தி வந்திருக்கிறது; போகும் முன் தொலைபேசியில் நாளையும் கட்டணத்தையும் கேளுங்கள். ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மேலே மூன்றாம் படியில் சொன்னது இப்போது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

7. சொக்சோவும் ஓ.கே.யு. அட்டையும்

வேலையிலிருந்தபோது பக்கவாதம் வந்து, இனி வேலை செய்ய இயலாதவர், 60 வயதுக்குள் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டப்பட்டிருந்தால் முழுத் தகுதி உண்டு. அதற்குக் குறைந்தால் வேறு கணக்கும் இருக்கிறது, ஆகவே விசாரிக்காமல் கைவிடாதீர்கள். அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம், சம்பள விவரம், மருத்துவ அறிக்கை ஆகியவை வேண்டும். மருத்துவ அறிக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கைக்கு வர வாரக் கணக்காகலாம், எனவே அதை முதலில் கேட்டுப் பதியுங்கள். பின்னர் சொக்சோவின் மருத்துவக் குழு நோயாளியை நேரில் பார்க்கும். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருந்தாலும் அது அங்கே கட்டப்பட்டிருக்கிறதா என்று நலமாக இருக்கும்போதே சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பாருங்கள். அம்மாவின் கணக்கில் ஒரு குத்தகைக்காரரிடம் இருந்த ஏழு மாதம் காலியாக இருந்தது; தோட்டத்தின் நேரடி வேலையில் இருந்த மாதங்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டையைச் சமூக நல இலாகா கட்டணமின்றித் தருகிறது. அடையாள அட்டை நகல், புகைப்படம், மருத்துவர் கையெழுத்திட்ட பாரம் ஆகியவை தேவை. உடம்பு இன்னும் தேறக்கூடும் என்பதால் மருத்துவர் உடனே கையெழுத்திடாமல் சில மாதம் பொறுக்கச் சொல்லலாம். அந்தத் தேதியைக் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பார்த்து மாதாந்திர உதவியும் அந்த இலாகாவில் உண்டு. சந்தா போதாதவர்கள் அங்கே நேரே போய்க் கேளுங்கள்.

எல்லாப் பத்திரங்களிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பும் மருந்துப் பெட்டியும், மைலோ டின் இருந்த அந்த மேல்தட்டில் அல்லாமல், சாப்பாட்டு மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கின்றன.